கனடாப் புல்வெளியில் 160 ஏக்கர்: ஹோம்ஸ்டெட் முறை ஓர் அறிமுகம்

வட அமெரிக்காவின் நடுவே, தெற்கில் டெக்சாஸ் தொடங்கி வடக்கில் கனடாவின் காடுகள் வரை, பிரெய்ரி எனப்படும் பரந்த புல்வெளி கிடக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், இந்தப் புல்வெளியில் குடியேறி உழுது பயிரிட முன்வருபவர்களுக்கு அமெரிக்காவும் கனடாவும் சிறு கட்டணத்தில் நிலம் அளித்தன. குறிப்பிட்ட காலம் அங்கேயே வாழ்ந்து, குறிப்பிட்ட அளவு நிலத்தைத் திருத்திக் காட்டினால், நிலம் முழுமையாக அவர்களுக்குச் சொந்தமாகும். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஹோம்ஸ்டெட் என்று பெயர். அமெரிக்காவில் இதற்கான சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1872இல், கனடா தன் டொமினியன் நிலச் சட்டத்தை இயற்றியது.

இந்தக் கட்டுரை கனடாவைப் பற்றியது. இன்றைய மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களின் கதை. அமெரிக்கக் கதை அதிகம் பேசப்பட்டதாலும், ஹோம்ஸ்டெட் முறையின் அடிப்படை முரண்பாடு கனடாவில் இன்னும் தெளிவாகத் தெரிவதாலும் இந்தத் தேர்வு. தன் நிலத்தின் நடுவே தனியாக வீடு கட்டி வாழும் ஒரு விவசாயியை மனத்தில் வைத்தே அந்தச் சட்டம் எழுதப்பட்டது. ஆனால் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் பெரும்பாலோர் உறவும் ஊரும் கோயிலும் சேர்ந்து வாழ்ந்து பழகியவர்கள். அவர்களுக்கு முன்பே அந்த மண்ணில் இருந்தவர்களும் நிலத்தைச் சதுரமாக வெட்டி ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டவர்கள் அல்லர். சட்டம் விரும்பிய வாழ்க்கைக்கும் மக்கள் விரும்பிய வாழ்க்கைக்கும் இடையே நடந்த இழுபறியைப் பிடித்துக்கொண்டால், இந்த வரலாற்றின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் நிபந்தனைகளைப் பார்ப்போம். குடும்பத் தலைவராகவோ, 18 வயது நிறைந்த ஆணாகவோ இருக்கும் ஒருவர் நில அலுவலகத்துக்குச் சென்று 10 டாலர் கட்டி 160 ஏக்கரைத் தன் பெயரில் பதிவு செய்யலாம். தஞ்சாவூர்க் கணக்கில் இது ஏறத்தாழ 24 வேலி. பதிவு செய்த அன்றே நிலம் அவருடையதாகிவிடாது. மூன்று ஆண்டுகள், ஆண்டுக்குக் குறைந்தது ஆறு மாதமாவது, அவர் அங்கே குடியிருக்க வேண்டும். வீடு கட்ட வேண்டும். சுமார் 30 ஏக்கரை உழுது பயிருக்குக் கொண்டுவர வேண்டும். இந்த அளவுகள் காலத்துக்குக் காலம் மாறினாலும், வாழ வேண்டும், கட்ட வேண்டும், உழ வேண்டும் என்ற மூன்றும் மாறவில்லை. காலம் முடிந்ததும், இவர் உண்மையிலேயே இங்கு வாழ்ந்து உழுதார் என்று அக்கம்பக்கத்தார் இருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்த பிறகே பட்டா கிடைக்கும். பட்டா பெற வெளிநாட்டுக்காரர் பிரிட்டிஷ் முடியாட்சியின் குடிமகனாகவும் ஆகியிருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்தக் காத்திருப்பு ஐந்து ஆண்டுகள். 1912இல்தான் அது மூன்றாகக் குறைந்தது.

பெண்கள் விஷயத்தில் இரண்டு நாடுகளும் வேறுபட்டன. அமெரிக்காவில் 21 வயது நிறைந்த, திருமணமாகாத பெண்ணும் விண்ணப்பிக்கலாம். கனடாவிலோ, வயது வராத பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் விதவை போன்று குடும்பத் தலைவி என்று நிரூபிக்கக்கூடியவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை இருந்தது. உழைப்பில் சரிபாதிக்கும் மேல் சுமந்த பெண்களுக்குச் சட்டம் நிலத்தில் பங்கு தரவில்லை. இதை மாற்றக் கோரி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புல்வெளிப் பெண்கள் மனுக்கள் அனுப்பியும் ஒட்டாவா அரசு அசைந்து கொடுக்கவில்லை.

அடுத்ததாக, நிலம் எப்படி அளக்கப்பட்டது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. வின்னிபெக்குக்குச் சற்று மேற்கே வடக்குத் தெற்காக ஒரு முதன்மைக் கோட்டை வரையறுத்து, 1871இல் அளவையாளர்கள் வேலையை முழுவீச்சில் தொடங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த சங்கிலியின் நீளம் 66 அடி. அப்படி 80 சங்கிலி சேர்ந்தால் ஒரு மைல். ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் கொண்ட சதுரம் ஒரு டவுன்ஷிப். அதற்குள் ஒரு மைல் சதுரங்களாக 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ஒரு செக்‌ஷனை நான்காகப் பிரித்தால் கிடைக்கும் கால் செக்‌ஷன்தான் அந்த 160 ஏக்கர். மூலைகளில் கம்பம் நட்டு, சுற்றிலும் குழி தோண்டி, மண்ணைக் குவித்து அடையாளம் வைத்தார்கள். ஆறோ ஏரியோ குன்றோ எது குறுக்கிட்டாலும் கோடு வளையாது. புதிதாக வந்த விவசாயியின் முகவரி ஊர்ப்பெயராக இருக்கவில்லை. இந்த டவுன்ஷிப்பில் இந்த எண் செக்‌ஷனின் தென்மேற்குக் கால் பகுதி என்று எண்களாகவே இருந்தது. முதல் நாள் அந்தக் குவியலைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை.

டவுன்ஷிப்பின் 36 செக்‌ஷன்களும் குடியேறிகளுக்குக் கிடைக்கவில்லை. ஒற்றைப்படை எண் கொண்டவை பெரும்பாலும் ரயில்வே நிறுவனங்களுக்கு மானியமாகத் தர ஒதுக்கப்பட்டன; அவற்றிலேயே 11, 29 இரண்டும் பள்ளிகளுக்குப் பணம் திரட்ட விற்பதற்கானவை. இரட்டைப்படையில் எட்டாவது செக்‌ஷனும் 26ஆவதின் பெரும்பகுதியும், விலங்குத் தோல் வணிகம் செய்துவந்த ஹட்சன் விரிகுடா நிறுவனத்துக்குப் போயின. மீதியிருந்தவைதான் ஹோம்ஸ்டெட்டுக்கு உரியவை. அது டவுன்ஷிப்பில் பாதிகூட இல்லை. எண்ணிடப்பட்ட முறைப்படி ஒவ்வொரு இரட்டைப்படைச் செக்‌ஷனின் நான்கு பக்கமும் ஒற்றைப்படைச் செக்‌ஷன்களே அமைந்தன. ஆகவே, ரயில்வே தன் நிலத்தை விலை ஏறும்வரை விற்காமல் வைத்திருந்த காலமெல்லாம், குடியேறிய குடும்பத்தைச் சுற்றி ஆளில்லாத வெற்று நிலமே இருந்தது. பள்ளிக்கூடம் நடத்தவும் சாலை போடவும் வரி கொடுக்கப் போதிய ஆட்கள் இல்லை. புல்வெளித் தனிமை என்று நினைவுக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவதற்கு வானமும் தொலைவும் மட்டும் காரணமில்லை. அதில் பாதியை வரைபடத்திலேயே வரைந்து வைத்திருந்தார்கள் என்பதே என் கருத்து.

இந்தச் சதுரங்களுக்கு முதல் எதிர்ப்பு, சட்டம் இயற்றப்படுவதற்கு முன்பே வந்தது. ஹட்சன் விரிகுடா நிறுவனத்திடமிருந்து ரூப்பர்ட்ஸ் லேண்ட் என்ற மாபெரும் நிலப்பரப்பைக் கனடா 3 லட்சம் பவுனுக்கு வாங்க ஏற்பாடு செய்திருந்தது. அங்கே ரெட் நதிக்கரையில், பழங்குடித் தாய்களுக்கும் ஐரோப்பியத் தந்தைகளுக்கும் பிறந்த வழியினரான மெட்டிஸ் மக்கள் நீண்ட காலமாக வாழ்ந்துவந்தார்கள். அவர்களுடைய நிலம் சதுரம் அல்ல. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றங்கரையில் குறுகிய முகப்பு. அங்கிருந்து பின்னால் ஏறத்தாழ இரண்டு மைல் நீளும் பட்டை. எல்லோருக்கும் ஆற்று நீர் உண்டு, எல்லோர் வீடும் கரையோரத்தில் வரிசையாக இருக்கும், பின்புறம் வைக்கோல் வெட்டும் பொதுவெளி இருக்கும். நிலம் கைமாறி முடிவதற்குள்ளாகவே கனடா அளவையாளர்களை அனுப்பியது. 1869 அக்டோபர் 11 அன்று அவர்கள் ஆந்திரே நோல்ட் என்பவரின் வைக்கோல் நிலத்தில் சங்கிலியை நீட்டியபோது, மெட்டிஸ் தலைவர் லூயி ரியேலும் அவருடன் வந்தவர்களும் அதன்மேல் காலை வைத்து மிதித்து நிறுத்தினார்கள். அன்று தொடங்கிய எதிர்ப்பின் விளைவாகவே 1870இல் மனிடோபா மாகாணம் பிறந்தது. மெட்டிஸ் பிள்ளைகளுக்கு 14 லட்சம் ஏக்கர் ஒதுக்குவதாக மனிடோபா சட்டம் உறுதியளித்தது. அந்த ஒதுக்கீடு ஆண்டுக்கணக்கில் தாமதமாகியும் குளறுபடியாகியும் போக, பெரும்பாலோர் நிலம் இல்லாமல் மேலும் மேற்கே நகர்ந்தார்கள்.

நிலத்தைக் கனடாவுக்கு விட்டுத்தரும்படி, க்ரீ, ஒஜிப்வே, பிளாக்ஃபுட் முதலிய பழங்குடி மக்களுடன் 1871 முதல் 1877 வரை ஏழு எண்ணிட்ட ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. காட்டெருமை மந்தைகள் அழிந்துகொண்டிருந்த, அம்மை நோய் வாட்டிய காலம் அது. அவர்கள் வாழ்வதற்கென ஒதுக்கப்பட்ட நிலம், முதல் ஒப்பந்தத்தின்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 160 ஏக்கர். பின்னால் வந்த பலவற்றில் ஒரு சதுர மைல். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பத்துக்கும் நேற்று கப்பலில் வந்து இறங்கியவருக்கும் முதல் ஒப்பந்தம் ஒரே அளவை ஒதுக்கியது. புதிதாக வந்தவருக்குப் பட்டாவும் கிடைத்தது, ஒதுக்கீட்டு நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது கிடையாது. பழங்குடியினர் விவசாயத்துக்கு மாற விரும்பவில்லை என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. நடந்தது நேர்மாறானது. 1880களில் பல ஒதுக்கீட்டு நிலங்களில் நல்ல விளைச்சல் கண்டு, பொதுவில் இயந்திரங்கள் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். 1889இல் பழங்குடியினர் விவகாரத் துறை அதிகாரி ஹேய்ட்டர் ரீட் ஒரு கொள்கையைப் புகுத்தினார்: ஒவ்வொரு குடும்பமும் சிறு துண்டு நிலத்தில் கைக்கருவிகளை மட்டும் வைத்து விவசாயம் செய்ய வேண்டும். அரிவாளால் அறுத்து, கையால் கட்டி, கையாலேயே அரைக்க வேண்டும். விளைந்த தானியத்தை விற்க அதிகாரியின் அனுமதிச் சீட்டும் தேவைப்பட்டது. பக்கத்து நிலத்தில் வெள்ளை விவசாயி அறுவடை இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த அதே பருவத்தில் இது நடந்தது. ஹோம்ஸ்டெட் வெற்றிக் கதையைச் சொல்லும் எவரும் இதை விட்டுவிட்டுச் சொல்லக் கூடாது.

கனடிய பசிபிக் ரயில்வே 1885 நவம்பரில் நிறைவுற்றது. அதைக் கட்டிய நிறுவனத்துக்கு அரசு தந்த மானியம் 2.5 கோடி டாலர், அதோடு 2.5 கோடி ஏக்கர் நிலம். இருந்தும் மேற்கே ஆட்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். 1896இல் உள்துறை அமைச்சரான கிளிஃபோர்ட் சிஃப்டன், பிரிட்டனிலிருந்து வரும் நகரத்துக் கைவினைஞரைவிட, ஆட்டுத்தோல் கோட்டு அணிந்த கிழக்கு ஐரோப்பிய விவசாயியே இந்த மண்ணுக்கு ஏற்றவர் என்று கருதி, முகவர்களை அனுப்பிப் பல மொழிகளில் துண்டு அறிக்கைகளைப் பரப்பினார். புல்வெளி மாகாணங்களின் மக்கள்தொகை 1901இல் சுமார் 4.2 லட்சம்; 1911இல் அது 13 லட்சத்தைத் தாண்டியது. அழைப்பு எல்லோருக்குமானதாக இருக்கவில்லை. ஓக்லஹோமாவிலிருந்து கறுப்பின விவசாயிகள் ஆல்பர்ட்டாவுக்கு வந்து ஆம்பர் வேலி போன்ற ஊர்களை உருவாக்கத் தொடங்கியதும், அவர்கள் வருகையைத் தடைசெய்யும் ஆணையை 1911இல் கனடிய அமைச்சரவை பிறப்பித்தது.

வந்தவர்களில் மூன்று கூட்டத்தார் சட்டத்தின் சதுரத்தோடு மூன்று விதமாக மோதினார்கள். முதலாவது, தென் ரஷ்யாவிலிருந்து 1874இல் வந்த மென்னனைட்டுகள். போரில் ஆயுதம் ஏந்துவதை மறுக்கும் இந்தக் கிறிஸ்தவப் பிரிவினருக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கும் மனிடோபாவில் தனி நிலப்பகுதியும் தருவதாகக் கனடா உறுதியளித்திருந்தது. அவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சட்டப்படி ஒவ்வொருவரும் தனித்தனியே கால் செக்‌ஷனைப் பதிந்துகொண்டார்கள். பிறகு பதிவை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரே தெருவின் இருபுறமும் வீடுகளைக் கட்டி, நிலம் முழுவதையும் பொதுவாக்கி, நல்ல மண்ணும் மட்டமான மண்ணும் எல்லோருக்கும் கிடைக்கும்படி நீளப் பட்டைகளாகப் பங்கிட்டார்கள். வீட்டோடு ஒட்டியே மாட்டுத் தொழுவம். அவரவர் நிலத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, கிராமமாக வாழவும் அரசு இடம் கொடுத்தது. ஆனால் ஏட்டில் நிலம் தனியார் பெயரில்தான் இருந்தது. ஒருவர் மனம் மாறி, என் கால் செக்‌ஷனை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டால் ஊருக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் கிடையாது. அப்படி ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்துபோக, பல ஊர்கள் ஓரிரு தலைமுறைக்குள் கலைந்தன. நோய்பெர்க்தால் போன்ற சில மட்டும் இன்றும் அந்தத் தெரு அமைப்போடு நிற்கின்றன.

இரண்டாவது கூட்டத்தார், போரை மறுக்கும் ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவினரான டூக்கபோர்கள். ரஷ்யாவில் 1895இல் ஆயுதங்களைக் குவித்து எரித்ததற்காக ஒடுக்கப்பட்ட இவர்கள், டால்ஸ்டாயின் உதவியோடு 1899இல் சுமார் 7,500 பேராகக் கனடா வந்து, இன்றைய சஸ்காச்சுவானில் கிராமங்களை அமைத்தார்கள். முதல் ஆண்டில் உழவு மாடுகள் போதவில்லை. ஆண்கள் ரயில்பாதை வேலைக்குப் போய்விட்டார்கள். பெண்கள் தங்களையே ஏரில் பூட்டிக்கொண்டு நிலத்தை உழுதார்கள். நிலத்தைத் தனியாகச் சொந்தம் கொள்வது தங்கள் நம்பிக்கைக்கு எதிரானது என்று இவர்களில் பெரும்பாலோர் கருதினார்கள். முடியாட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவும் மறுத்தார்கள். சிஃப்டன் இருந்தவரை தளர்வு காட்டப்பட்டது. அவருக்குப் பின் வந்த ஃபிராங்க் ஆலிவர் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து அமல்படுத்த, 1907இல் அவர்கள் திருத்திய நிலத்தின் பெரும்பகுதி பறிக்கப்பட்டு மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்த நிலத்தைப் பதிவு செய்ய வேறு குடியேறிகள் அலுவலக வாசலில் வரிசையில் நின்றார்கள். டூக்கபோர்களில் சுமார் 5,000 பேர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குச் சென்று விலை கொடுத்து நிலம் வாங்கினார்கள்.

மூன்றாவதும் எண்ணிக்கையில் பெரியதுமான கூட்டம் உக்ரைனியர். ஆஸ்திரியப் பேரரசில் இருந்த கலீசியாவிலும் புக்கோவினாவிலும் பாதிக் குடும்பங்களுக்கு ஐந்து ஏக்கர்கூட இல்லை. காடுகள் ஜமீன்தார் கையில் இருந்ததால் விறகுக்கும் வீட்டு மரத்துக்கும் கையேந்த வேண்டியிருந்தது. 1891இல் நெபிலிவ் என்ற ஊரிலிருந்து இவான் பிலிப்பிவ், வாசில் எலெனியாக் என்ற இருவர் வந்து பார்த்தார்கள். 1895இல் யோசிப் ஒலெஸ்கிவ் என்ற வேளாண் பேராசிரியர் கனடாவைப் பற்றி எழுதிய சிறு நூல் கலீசியக் கிராமங்களில் கைக்குக் கை மாறியது. 1914க்குள் வந்தவர்கள் சுமார் 1.7 லட்சம் பேர். இவர்கள் சட்டத்தை எதிர்க்கவில்லை. சதுரத்தை ஏற்றுக்கொண்டு, எந்தச் சதுரம் என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். திறந்த புல்வெளியில் வளமான கருமண் காலியாகக் கிடக்க, சதுப்பும் மரமும் கலந்த வடக்குப் பகுதியில், ஏற்கெனவே வந்த உறவினர் நிலத்துக்கு அடுத்த நிலத்தைக் கேட்டு வாங்கினார்கள். அதிகாரிகளுக்கு இது அறியாமையாகத் தெரிந்தது. மொழி தெரியாத நாட்டில், கையில் காசில்லாத குடும்பத்துக்கு, மாடும் கலப்பையும் இரவல் தரவும் பிரசவம் பார்க்கவும் பட்டாவுக்குச் சாட்சி சொல்லவும் பக்கத்தில் சொந்தக்காரர் இருப்பது நல்ல மண்ணைவிடப் பெரிய சொத்து என்பதே உண்மை. மரமோ, விறகாகவும் வீடாகவும் வேலியாகவும் ஆனது.

அவர்களுடைய முதல் குளிர்காலத்தை நெருங்கிப் பார்த்தால் ஹோம்ஸ்டெட் என்பது உடலால் என்ன என்று புரியும். வந்தவுடன் நிலத்தில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, மேலே மரக்கம்புகளைச் சாய்த்து நிறுத்தி, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் மூடினார்கள். இதற்கு புர்தெய் என்று பெயர். உள்ளே களிமண்ணால் கட்டிய அடுப்பு பெரும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சமையல், வெப்பம் எல்லாம் அதிலிருந்துதான். மழை பெய்தால், அது நின்ற பிறகும் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும் ஊரில் ஒரு குளிர்காலமோ இரண்டோ இப்படிக் கழித்த பிறகே, மரத்துண்டுகளை அடுக்கி, வைக்கோல் கலந்த களிமண் பூசி, வெள்ளையடித்து, வாசல் தெற்கு நோக்கிய வீட்டைக் கட்டினார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஆண்கள் ரயில்பாதையிலும் சுரங்கத்திலும் மரம் வெட்டும் முகாம்களிலும் கூலிக்குப் போனார்கள். காரணம் எளிது: நிலத்துக்குப் 10 டாலர் போதும்; எருது, கலப்பை, வண்டி, விதை, அறுவடை வரை சாப்பாடு ஆகியவற்றுக்குப் பல நூறு டாலர் வேண்டும். ஆண்கள் இல்லாத அந்த மாதங்களில் கல் பொறுக்கியதும் புதர் வெட்டியதும் தோட்டம் போட்டதும் பெண்களும் பிள்ளைகளும்தான்.

உழுவதும் சாதாரண உழவல்ல. பல நூறு ஆண்டுகளாகப் பின்னிக் கிடந்த புல்வேரை அறுத்துப் புரட்ட நீண்ட இரும்புக் கலப்பையும் வலுவான எருதுகளும் தேவை. புரட்டிய கட்டிகள் மக்குவதற்கு ஒரு பருவம் காத்திருந்து, மீண்டும் உழுதால்தான் கோதுமை விதைக்கலாம். அதன் பிறகும் பனி முந்திக்கொண்டால் கதிர் முற்றுவதற்குள் கருகிவிடும். பயிர் ஆய்வாளர் சார்ல்ஸ் சாண்டர்ஸ் தேர்ந்தெடுத்த மார்க்விஸ் என்ற கோதுமை, பழைய ரெட் ஃபைஃப் வகையைவிட ஒரு வாரத்துக்கும் முன்னதாகவே முற்றியது. 1909 முதல் விவசாயிகளுக்குக் கிடைத்த அந்த விதை, வடக்கே பல மைல் தூரத்துக்கு விவசாயத்தைச் சாத்தியமாக்கியது. தெற்கில் சிக்கல் பனியல்ல, வறட்சி. பாலிசர் முக்கோணம் எனப்படும் வறண்ட பகுதி உழவுக்கு ஏற்றதல்ல என்று 1857 முதல் 1860 வரை ஆய்வு நடத்திய ஜான் பாலிசர் எச்சரித்திருந்தும், மழை பெய்த சில ஆண்டுகளை நம்பி அங்கேயும் குடியேற்றம் திறக்கப்பட்டது. 160 ஏக்கர் என்ற ஒரே அளவு, ஈர மண்ணுக்கும் வறண்ட மண்ணுக்கும் பொருந்தாது. 1917க்குப் பின் தொடர்ந்த வறட்சியில் தென்கிழக்கு ஆல்பர்ட்டாவில் ஆயிரக்கணக்கானோர் வீட்டைப் பூட்டாமல்கூட வெளியேறினார்கள். மொத்தத்தில், கனடியப் புல்வெளியில் பதிவான ஹோம்ஸ்டெட்களில் பத்தில் நான்கு பட்டாவை எட்டவில்லை என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு.

ஒற்றைப்படைச் செக்‌ஷன்களில் எஞ்சியவை 1908இல் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. 1930இல் பொதுநிலங்களும் இயற்கை வளங்களும் மாகாணங்களின் கைக்கு மாறியபோது, கூட்டரசின் ஹோம்ஸ்டெட் முறை முடிவுக்கு வந்தது. அதன் கணக்கு வழக்குகள் அதோடு தீரவில்லை. ஒப்பந்தத்தில் சொன்ன அளவு நிலம் தங்களுக்குத் தரப்படவே இல்லை என்று சஸ்காச்சுவானின் பழங்குடிச் சமூகங்கள் தொடர்ந்து வாதாடியதன் பேரில், 1992இல் 25 சமூகங்களோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி, கிடைத்த இழப்பீட்டுப் பணத்தைக் கொண்டு, விற்க விரும்பும் விவசாயிகளிடமிருந்து சந்தை விலைக்கு அவர்கள் நிலத்தைத் திரும்ப வாங்குகிறார்கள். மெட்டிஸ் பிள்ளைகளுக்கு உறுதியளித்த 14 லட்சம் ஏக்கரைப் பொறுத்தவரை, அந்த வாக்கை உரிய அக்கறையோடு நிறைவேற்ற அரசு தவறியது என்று 2013 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.